அன்பளிப்புக் காரின் அடியில்

வாருங்கள் தோழர்களே, வந்து இந்தக் காரின் அருகே நில்லுங்கள். ஒஸ்லோ நகரின் தெற்கு முனையில், மோர்டென்ஸ்ருட் வரிசை வீடுகளுக்கு முன்னால் நிற்கிறது அது. கறுப்பு நிறம், முகம் பார்க்கலாம், அத்தனை மினுக்கம். நாளைக் காலை இதில் ஒரு மணப்பெண் ஏறப் போகிறாள். நின்றபடி பார்த்தால் அழகுதான். எதையும் நின்றபடியே பார்த்துப் பழகியதால்தான் நாம் கெட்டோம். குனியுங்கள். முழங்கால் நனைந்தாலும் இன்னும் குனியுங்கள். இதன் அடியில் ஓர் அநியாயம் இருக்கிறது. அதை முதலில் கண்டவள் அந்த மணப்பெண்ணேதான்.

அவள் பெயர் அனஸ்ரேசியா. மருந்துக்கடையில் வேலை செய்பவள். தாய் இல்லை. தகப்பன் ஸ்ரனிஸ்லாஸ் எண்பதுகளில் நோர்வேயின் வடகோடியான பாட்ஸ்பியோர்ட்டுக்கு வந்து, மீன் தொழிற்சாலையில் உறைந்த மீனோடு மல்லுக்கட்டித் தன் வலது தோளை அங்கேயே தொலைத்தவர். அந்தக் கை இப்போது காதுக்கு மேல் எழாது. ஆகவே ஆண்டுதோறும் முதல் உறைபனிக்கு முன்னால் வீட்டுக் காரின் கோடைச் சக்கரங்களைக் கழற்றிப் பனிக்காலச் சக்கரங்களைப் பூட்டுவது மகளின் வேலையாயிற்று.

ஆனால் இந்தக் கறுப்புக் கார் வீட்டுக் கார் அல்ல. மாப்பிள்ளை டானியலுக்காக ஸ்ரனிஸ்லாஸ் வாங்கிக் கொடுத்தது. சீதனம் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறப்பார்களா? இது நோர்வே! இது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு! ஆகவே அதற்கு ‘அன்பளிப்பு’ என்று பெயர் சூட்டினார்கள். சூட்டியவர் பெண்ணின் தாய்மாமன் பிலேந்திரன். சம்பந்தம் பேசி முடித்தவரும் அவரே. கேளாமல் கொடுத்தால் அன்பளிப்பு, ஒப்புக்கொள்கிறேன். ‘கார் இல்லாத மாப்பிள்ளை எண்டால் சனம் என்ன சொல்லும்’ என்று மாப்பிள்ளை வீட்டார் தேடி வந்து பெருமூச்சு விட்ட பிறகு கொடுத்தால், அதற்கு எந்த அகராதியில் அந்தப் பெயர்?

கார் கைக்கு வந்த மறுவாரமே டானியலுக்கு ஒரு மனக்குறை. கார் உயரமாக நிற்கிறதாம்! அவனுடைய கூட்டாளிகளின் கார்கள் தரையை நக்குவது போல் ஊர்ந்தன. இவனுடையதும் தாழ்ந்து பதிய வேண்டும். சில நாட்களில் பதிந்தது. “முறையாப் புது ஸ்பிரிங் செற் வாங்கிப் போட்டனான்” என்று அனஸ்ரேசியாவிடம் சொன்னான். ஒருநாள் அவளை ஏற்றிச் சென்றபோது, தெருவின் வேகத்தடையைத் தாண்டுகையில் பின்னாலிருந்து ‘டங்’ என்று ஒரு சத்தம்.

“என்ன சத்தம் உது?”

“உதுதான் ஸ்போர்ட்ஸ் சத்தம். உமக்கு உதெல்லாம் விளங்காது.” அவன் பாட்டின் ஒலியைக் கூட்டினான்.

கலியாணத்துக்கு முதல்நாள் மாலை, மாப்பிள்ளை வீட்டார் மணச்சேலை வைத்த கூறைத் தட்டத்தோடு வந்து கூடத்தில் அமர்ந்திருந்தார்கள். “நாளைக்குப் பொம்பிளையோடை நான்தான் அந்தக் காரிலை மாதா கோயிலுக்குப் போவன். பாக்கிற சனம் பாக்கட்டும்!” என்று டானியலின் தாய் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். வானொலி உறைபனி என்று அறிவித்தது. அவர்கள் வந்திறங்கிய கறுப்புக் காரிலோ இன்னும் கோடைச் சக்கரங்கள். மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் அழுக்குப் படலாமா? படக்கூடாது. மணப்பெண் பழைய ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

பின்பக்கத்தை ஜாக்கில் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினாள். அச்சு கீழே இறங்கியது. உள்ளிருந்து ஒன்று உருண்டு, கொங்கிரீட்டில் விழுந்து, மணி போல் ஒலித்து அவள் காலடியில் கிடந்தது.

சுருள்வில். காரின் பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங். இறுக்கிப் பிடித்திருக்க வேண்டியது, பழுத்த பழம் போல் கழன்று விழுந்திருந்தது. கையிலெடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு முனை ஆலையில் செய்து வந்தபடி மழுங்கி இருந்தது. மறுமுனையில் அறுத்த தடம். அதன்மேல் அவசரமாய்ப் பூசிய கறுப்பு மை. புதிதாக எதுவும் வாங்கவில்லை. இருந்ததை யாரோ அறுத்துக் குட்டையாக்கியிருக்கிறார்கள். வேகத்தடையில் சக்கரம் கீழே தொங்கும் ஒவ்வொரு முறையும் இது இருப்பிடத்தை விட்டு ஆடியிருக்கிறது. அதுதான் அந்த ஸ்போர்ட்ஸ் சத்தம்! இங்கிருந்து பெருந்தெருவுக்கு இறங்கும் சரிவில், உறைபனியில், இது ஒருமுறை விலகிப் போனால்?

வீட்டுக் கதவு திறந்தது. தகப்பன்.

அவர் சுருளைப் பார்த்தார், வெட்டுவாயைப் பார்த்தார், கூடத்து யன்னலைத் திரும்பிப் பார்த்தார். “போட்டிடு பிள்ளை. நாளைக்குக் கலியாணம் முடியட்டும்.”

“நாளைக்கு இதிலை இருக்கப் போறது நானெல்லோ அப்பா?”

அவர் வெட்டுவாயை விரலால் தடவினார். பிறகு தாழ்ந்த குரலில், “மெதுவா ஓடச் சொல்லுவம்,” என்றார்.

கேட்டீர்களா தோழர்களே? பெற்ற மகளின் உயிருக்கும் மாப்பிள்ளையின் முகத்துக்கும் நடுவே நின்ற ஒரு நல்ல மனிதனின் வாயில் வந்த சொல் அது. அவரைத் திட்டாதீர்கள். அந்தச் சொல்லை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்.

அனஸ்ரேசியா சுருளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கூறைத் தட்டத்துக்கு அருகே, வெள்ளை விரிப்பின்மேல் அதை வைத்தாள்.

“உதை ஏன் கழட்டினனீர்?” என்றான் டானியல்.

“நான் கழட்டேல்லை. தானா விழுந்தது.”

பிலேந்திரன் பாய்ந்து எழுந்தார். “மாப்பிள்ளையிட்டைக் கேள்வி கேக்கிற நேரமே இது? உள்ளை போ பிள்ளை!”

“செற் வாங்கிப் போட்டனான் எண்டு சொன்னீங்கள்,” என்றாள் அவள், மாமனைப் பாராமல்.

“எல்லாரும் உப்பிடித்தான் வெட்டுறவங்கள். ஒண்டரைச் சுத்துத்தானே!” டானியலின் குரல் உயர்ந்தது. “சும்மா வந்த காருக்கு ஆரும் உவ்வளவு காசு போடுவினமே?”

சும்மா! வாசலில் நின்ற ஸ்ரனிஸ்லாஸ் தன் வலது தோளை இடக்கையால் பிடித்துக்கொண்டார். யாரும் அவரைப் பார்க்கவில்லை, மகள் பார்த்தாள். அவள் டானியலின் தாய் பக்கம் திரும்பினாள்.

“மாமி, நாளைக்கு என்னோடை பின்சீற்றிலை வாறீங்கள்தானே?”

அந்த அம்மாள் சுருளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். “எனக்கு… பின்னாலை இருந்தால் தலை சுத்தும் பிள்ளை. நான் எங்கடை மகேசன்ரை வான் வண்டியிலை வாறன்.”

“ஓம், வான் வண்டியிலை வாங்கோ அம்மா,” என்றான் டானியல், யோசிக்காமலே, சட்டென்று.

மூலையில் எவரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

“அம்மாவை ஏத்த மாட்டீங்கள். என்னை ஏத்துவீங்கள்,” என்றாள் அனஸ்ரேசியா. மேசையிலிருந்த கார்த் திறப்பை, அந்தச் சாவியை, எடுத்துத் தகப்பனின் கையில் வைத்தாள். “கார் இஞ்சை நிக்கட்டும். நாளைக்கு நான் ரீ-பான் ரயிலிலை கோயிலுக்குப் போறன். கார் இல்லாமல் என்னைக் கட்ட விருப்பமெண்டால் காலமை ஸ்ரேசனுக்கு வாங்கோ. சேந்து போவம்.”

தட்டம் வந்த வழியே திரும்பிப் போயிற்று.

மறுநாள் காலை மோர்டென்ஸ்ருட் நிலையத்தின் மேடையில் தகப்பனும் மகளும் நின்றார்கள். அவள் தாயின் பட்டுச்சேலைக்கு மேலே குளிர்ச்சட்டை போட்டிருந்தாள். பனிக்குல்லாய் போட்ட நோர்வீஜிய மூதாட்டி ஒருவர் பூச்செண்டைக் கண்டு வாழ்த்துச் சொன்னார். அவள் நன்றி சொன்னாள். ஒரு ரயில் வந்து போயிற்று. இன்னொன்றும் போயிற்று. ஒவ்வொரு முறை படிக்கட்டில் காலடி கேட்டபோதும் அவள் திரும்பிப் பார்த்தாள். அதை ஏன் மறைக்க வேண்டும்? அவள் கல் அல்ல.

தகப்பனின் கைப்பேசி ஒலித்தது. பிலேந்திரன்.

“அத்தான், கடைசியாக் கேக்கிறன். காரைத் திருத்திக் குடுத்தால் இப்பவும் வருவினமாம்.”

அன்பளிப்பைக் கேட்டு வாங்கும் உலகத்தைப் பார்த்தீர்களா? ஸ்ரனிஸ்லாஸ் மகளைப் பார்த்தார். முதல்நாள் ‘மெதுவா ஓடச் சொல்லுவம்’ என்ற அதே வாய் திறந்தது.

“கார் ஜாக்கிலை நிக்குது மச்சான். வேணுமெண்டால் தோளிலை தூக்கிக் கொண்டு போகச் சொல்லும். எனக்கு இனித் தோள் இல்லை.”

அடுத்த ரயிலின் கதவுகள் திறந்தன. “கோயிலிலை சுவாமியார் காத்துக்கொண்டு நிப்பார். கலியாணம் இல்லையெண்டு நாங்களே போய்ச் சொல்லுவம் அப்பா,” என்றாள் அனஸ்ரேசியா. ஏறிக்கொண்டார்கள்.

இனி நீங்கள். வரும் சனிக்கிழமை உங்களுக்கும் ஒரு கலியாணம் இருக்கும். வாசலில் மாலை கட்டிய கார் நிற்கும். விருந்துக்கு உட்காருமுன் கேளுங்கள்: இது யார் தோளை விற்று வாங்கியது? ‘அன்பளிப்பு’ என்று பதில் வந்தால், சீதனம் என்று திருத்திச் சொல்லுங்கள், மேசையிலிருக்கும் அத்தனை பேருக்கும் கேட்க. உங்கள் வீட்டு மகன் கேட்டிருந்தால், கார்த் திறப்பை இன்றே திருப்பிக் கொடுக்கச் செய்யுங்கள். கொடுக்க மறுத்தால், அந்த மணவறைக்குச் சாட்சியாய் நிற்காமல் எழுந்து வெளியேறுங்கள்!