சின்னவளுக்கு வந்த போன்

பெரியவளும் சின்னவளும் அக்கா தங்கை பெற்ற பிள்ளைகள். எட்டு மாதம்தான் வித்தியாசம். ஒரே கல்லூரியில் வேதியியல் கடைசி வருஷம். விடுதியிலும் ஒரே அறை. பெரியவள் வகுப்பில் முதல். சின்னவளுக்கு வீட்டில் 'லொடலொடா' என்று பெயர். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இறங்குவதற்குள் அவருக்கு என்ன வேலை, அதில் எப்படிச் சேர்ந்தார், மேலதிகாரி எப்படிப்பட்டவர் என்பதுவரை கறந்துவிடுவாள்.

ஒருமுறை வகுப்பு மொத்தமும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றைப் பார்க்கப் போனது. பெரியவள் கருவிகளின் பெயரையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டாள். சின்னவள் நோட்டைத் திறக்கவேயில்லை. கூடத்தை நடத்தும் மேடத்தின் பின்னாலேயே போய், "நீங்க முதல்முதலா வேலைக்குச் சேர்ந்தப்ப எது தெரியாம முழிச்சீங்க மேடம்?" என்று கேட்டாள். மேடம் சிரித்துவிட்டார். கிளம்பும்போது நம்பரும் கொடுத்தார்.

"காக்கா பிடிக்கிறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?" என்றாள் பெரியவள்.

"போக்கா. தெரிஞ்சுக்கத்தானே கேட்டேன்."

அதற்கப்புறம் மாதம் ஒரு தடவை சின்னவள் மேடத்துக்கு நாலு வரி எழுதுவாள். படித்ததில் ஒரு சந்தேகம், அவ்வளவுதான். ஆறு மாதம் போனது. பெரியவள் நாற்பது நிறுவனங்களுக்கு விண்ணப்பம் போட்டும் ஒரு பதிலும் இல்லை. சின்னவளுக்கோ அந்தக் கூடத்திலிருந்தே நேர்காணலுக்கு அழைப்பு வந்தது.

பரீட்சைக்கு முந்தின நாள் என் நோட்டை வாங்கிப் படித்துத் தேறுகிறவள்! பெரியவளால் தாங்க முடியவில்லை. சின்னவள் தலை வாரினால் எரிச்சல், பாட்டு முணுமுணுத்தால் எரிச்சல். இஸ்திரி போட்ட அவள் சுடிதார் கதவில் தொங்குவதைப் பார்த்தாலே அடிவயிறு காந்தியது.

நேர்காணல் அன்று காலை சின்னவள் குளிக்கப் போயிருந்தபோது அவள் போன் அடித்தது. பெரியவள் எடுத்து, அவள் குளிக்கிறாள் என்றாள். மேடம்தான்.

"பதினோரு மணின்னு சொல்லியிருந்தேன்ல, பத்துக்கே வரச் சொல்லும்மா. நீ யாரு?"

"அவ அக்கா. சொல்லிடறேன் மேடம்."

சொல்லவில்லை. ஈரத் தலையோடு வந்த சின்னவள், "யாராவது கூப்பிட்டாங்களா?" என்று கேட்டபோதும், "இல்லியே" என்றாள். அவள் துப்பட்டாவுக்கு ஊக்குக் குத்தி அனுப்பியும் வைத்தாள்.

மூன்று மணிக்குத் திரும்பிய சின்னவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"பத்து மணின்னு உங்கிட்ட சொன்னாங்களாமே."

பெரியவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நான் போறப்ப எல்லாம் முடிஞ்சிருச்சு. ஆறு மாசமா தெரிஞ்ச பொண்ணு, அசட்டையா இருக்கமாட்டான்னு மேடம்தான் உட்கார வச்சாங்க. வேலை கிடைச்சிருச்சு."

"சந்தோஷம்" என்று பெரியவள் பக்கத்தைப் புரட்டினாள்.

"இன்னும் முடிக்கல. அங்க ரெண்டு இடம் காலி. எங்க அக்கா கை வச்சா ஒரு சொட்டு பிசகாதுன்னு போன மாசமே சொல்லி வச்சிருந்தேன். அடுத்த வாரம் உன்னைக் கூப்பிடறதா இருந்தாங்க. இன்னிக்குக் கேட்டாங்க, போனை எடுத்தது அந்த அக்காதானான்னு. ஆமான்னேன். வேற என்ன சொல்ல?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"ஏன்க்கா?"

"பொறுக்கலடி" என்றாள் பெரியவள்.

நாலு நாள் சின்னவள் வாய் திறக்கவில்லை. லொடலொடா பேசாத அறையில் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் பெரியவள் தானே மேடத்தைக் கூப்பிட்டாள். "வேலைக்காகப் பேசல மேடம். அன்னிக்கு வேணும்னேதான் சொல்லாம விட்டேன். அவ மேல தப்பில்ல." மறுமுனையில் "சரிம்மா" என்று மட்டும் வந்தது. இரண்டாவது இடத்துக்கு வேறு யாரோ போனார்கள்.

அதற்குப் பிறகுதான் பெரியவள், மூன்று வருஷமாகத் தன் பின் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் முதல்முறையாக, "உங்க வீட்ல யாரெல்லாம் என்ன வேலை பார்க்கிறாங்க?" என்று கேட்டாள். கேட்கவே நாக்கு கூசியது. அந்தப் பெண்ணுடைய அண்ணி பெயிண்ட் தொழிற்சாலை ஒன்றின் சோதனை அறையில் இருந்தாள். இரண்டு மாதத்தில் பெரியவளுக்கு அங்கே பயிற்சி வேலை கிடைத்தது.

வருஷக் கடைசியில், சின்னவளை வெளியூருக்கு மேல் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள் என்று அம்மா சொன்னாள். பெரியவளுக்குப் பழையபடி வயிறு எரிந்தது. கொஞ்ச நேரம் எரிய விட்டு, போனை எடுத்தாள்.

"எனக்கு இன்னும் பொறாமையாத்தான் இருக்குடி."

"தெரியும்க்கா."

"சரி, அங்க யாரையெல்லாம் பார்க்கப் போறே, சொல்லு."

சின்னவள் மூச்சு விடாமல் பேச ஆரம்பித்தாள்.