பட்டு வேட்டிக்கு அடியில்

பீரோவின் கீழ்த்தட்டில் கைவிட்டுப் பட்டு வேட்டியை இழுத்தபோது, அதோடு சேர்ந்து ஓர் உருளை டப்பா உருண்டு வந்து பவானியின் முழங்காலில் இடித்தது.

கூடத்தில் குளிர்ப்பெட்டிக்குள் படுத்திருந்த கணவர் சுருளிராஜனைக் குளிப்பாட்டியதும் உடுத்திவிட வேண்டிய வேட்டி அது. மகள் ஓவியாவின் கல்யாணத்துக்கு எடுத்தது. துவைத்து மடித்து அந்தத் தட்டில் வைத்தவள் பவானிதான். அப்போது அங்கே எந்த டப்பாவும் இல்லை.

எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். கெட்டி அட்டை டப்பா. மேலே தங்க நிறத்தில் ஆங்கில எழுத்து. எழுத்துக் கூட்டிப் பார்த்ததில் ஸ்காட்ச் விஸ்கி என்பது மட்டும் விளங்கியது. அது போதுமாக இருந்தது. மூடியைக் கழற்றிப் பாட்டிலை உருவினாள். உள்ளே தேன் நிறம். கழுத்துவரை இருக்க வேண்டியது இரண்டு விரற்கடை குறைந்திருந்தது.

நேற்றுச் சாயங்காலத்திலிருந்து ஓயாமல் வழிந்துகொண்டிருந்த கண்ணீர், குழாயை அடைத்ததுபோல் நின்றுவிட்டது.

பவானியின் அப்பா தினமும் அந்த வாசத்தோடுதான் வீட்டுக்குள் வருவார். கதவு திறக்கிற சத்தத்துக்கு முன்பே வாசம் வந்துவிடும். அன்றைக்கு அடி விழுமா, அழுகை வருமா என்று மூக்கை வைத்தே அவள் சொல்லிவிடுவாள். அதனால்தான், கம்பத்தில் பழமண்டி வைத்திருக்கும் சுருளிராஜன் பெண் பார்க்க வந்த அன்று, நகையைப் பற்றியோ தோட்டத்தைப் பற்றியோ பேசாமல் ஒன்றே ஒன்று கேட்டாள். குடிக்கக் கூடாது. அவரும் சரி என்றார். வீரபாண்டித் திருவிழாவில் பங்காளிகள் எல்லாம் மறைவுக்கு ஒதுங்கும்போதும் அவர் மட்டும் கடை வாசலில் கோலிசோடாவோடு நிற்பார். மண்டி வட்டாரத்தில் அவருக்குக் 'கோலிசோடா' என்றே பட்டப்பெயர். அந்தக் கேலியைக் கேட்கும்போதெல்லாம் பவானிக்குப் பெருமையாக இருக்கும்.

இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. முழங்கால் வலியால் அவள் போக முடியாமல், அவர் மட்டும் பெங்களூருக்குப் போய் மகள் வீட்டில் தங்கிவிட்டு வந்தது. வந்ததிலிருந்து போன் வந்தால் மொட்டைமாடிக்குப் போனது. யார் என்று கேட்டால் "மாப்பிள்ளை" என்றது. வாழை வியாபாரி ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று கேரள எல்லையிலிருக்கும் குமுளிக்கு ஜீப் ஏறிப் போனது. வந்ததும் ஏலக்காயை மென்றுகொண்டே பேசியது. நேற்றுத் தோட்டத்திலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "பவானி, தண்ணி குடு" என்று கேட்டு, ஒரு மடக்கு விழுங்கிச் சாய்ந்தவரின் தலையை அவள் மடியில் தாங்கியபோதும் ஏலக்காய்தான் மணத்தது.

ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் சொல்லியிருந்தார். உப்பைக்கூட அவள் பார்த்துப் பார்த்துத்தான் போட்டாள்.

கதவு தட்டப்பட்டது. கொழுந்தன் மகன் வேல்பாண்டி. பெரியப்பாவுக்கு மகன் இல்லாததால் கொள்ளி வைக்கப் போகிறவன் அவன்தான்.

"பெரியம்மா, வேட்டி எடுத்தாச்சா? நீர்மாலைக்குக் கெளம்பணும்ங்கிறாக. கொட்டுக்காரக வந்துட்டாக." கொஞ்சம் தயங்கினான். "மாப்பிள்ளையும் குடம் தூக்குவாரான்னு கேக்குறாக. வேதக்காரரு, நம்ம சடங்குக்கு எப்பிடின்னு பெருசுக முணுமுணுக்குதுக. பெரியப்பா இருந்தா ஒரு அதட்டுல அடக்கிருவாக."

இறந்தவரைக் குளிப்பாட்டக் கொண்டுவரும் தண்ணீர்தான் நீர்மாலை. மகனும் மருமகனும் குடம் தூக்குவதுதான் அந்தப் பக்கத்து முறை. வரவில்லை என்றால், அவனை மருமகனாக அந்த வீடு எண்ணவில்லை என்று ஊரே தெரிந்துகொள்ளும்.

"அவரை இங்கன வரச் சொல்லு" என்றாள் பவானி.

செல்வமணி வந்தான். போடி கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருக்கும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பையன். ஓவியாவும் அவனும் விரும்பிச் செய்துகொண்ட கல்யாணம். இரவெல்லாம் கார் ஓட்டிவந்த கண்கள் சிவந்திருந்தன. அந்தச் சிவப்பையும் பவானி சந்தேகத்தோடுதான் பார்த்தாள். கட்டில் மேல் இருந்த பாட்டிலைக் காட்டினாள்.

"இது யாரு வாங்கிக் குடுத்தது மாப்பிள்ளை?"

அவன் பாட்டிலைப் பார்த்தான். பிறகு கதவிடுக்கு வழியே, கூடத்தில் குளிர்ப்பெட்டியின் மேல் தலைசாய்த்துக் கிடந்த ஓவியாவைப் பார்த்தான்.

"நான்தான் அத்தை."

"எங்க வாங்குனீக?"

"பெங்களூர்ல."

"அவுகளுக்கு ரத்தக்கொதிப்புன்னு ஒங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும் அத்தை."

"தெரிஞ்சுமா?"

அவன் கைநீட்டிக் கதவிடுக்கை மெல்ல மூடினான்.

"நீர்மாலைக்கு நீங்க வர வேணாம். வேல்பாண்டி பாத்துக்கிருவான்."

"சரிங்க அத்தை" என்று தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான்.

வேகமெல்லாம் வடிந்ததும், பவானிக்கு என்னவோ உறுத்தியது. குடிக்கிறவனை அவளுக்குத் தெரியும். சாமி மேல் சத்தியம் செய்வான், கூட இருந்தவன்தான் ஊற்றிக் கொடுத்தான் என்பான், கடைசியில் அழுவான். ஒரு சாக்குகூடச் சொல்லாமல் பழியை வாங்கிக்கொண்டு போகிறவனை அவள் பார்த்ததில்லை. பாட்டிலைத் திரும்ப டப்பாவுக்குள் போடும்போது, அடியில் ஒட்டியிருந்த சீட்டு கண்ணில் பட்டது. மலையாள எழுத்து. குமுளி பஸ் போர்டுகளைப் படித்துப் பழகிய கண் அவளுக்கு. பெங்களூரில் வாங்கியதில் மலையாளம் எங்கிருந்து வந்தது?

வெளியே சம்பந்தியம்மாள் சாராள் வந்திருந்தாள். கோடித்துணியையும் மாலையையும் சாத்திவிட்டு, நேரே அறைக்குள் வந்து பவானியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"மதினி, போன வாரம்கூட எங்க கடைக்கு வந்து எங்க வீட்டு மனுசரோட அவ்வளவு நேரம் பேசிக்கிட்டு இருந்தாக அண்ணன்..."

பவானியால் அடக்க முடியவில்லை. "ஒங்க மகன் எத்தன நாளா குடிக்கிறாரு மதினி?"

சாராள் முந்தானையைக் கண்ணிலிருந்து எடுத்தாள். "யாரு, எம் மகனா? செல்வமணியா?"

"அவரே சொன்னாரு."

"நல்லா இருக்கே! காலேஜுல படிக்கிறப்போ செமிக்கலைன்னு ஒரு மூடி அரிஷ்டம் குடுத்தேன் மதினி. அதுல இருக்குற சாராயச் சத்து ஆகாம ஒடம்பெல்லாம் தடிச்சு, மூஞ்சி பலாக்கொட்டை மாதிரி வீங்கி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். கோயில்ல ராப்போசனத்துக்குக்கூட அப்பம் மட்டும்தான் வாங்குவான், திராட்சை ரசம் வேணாம்னு கையைக் காட்டிருவான். அவனா குடிக்கிறான்?" சாராளின் குரல் சட்டென்று இறங்கியது. "அவன் எதுக்கு அப்பிடிச் சொன்னான்?"

"பெறகு சொல்றேன் மதினி" என்று பவானி எழுந்தாள். சாராள் போனதும், கூடத்துக்குப் போய் ஓவியாவின் தோளைத் தொட்டாள்.

"உள்ள வா."

டப்பாவைப் பார்த்ததுமே ஓவியாவின் முகம் வெளுத்தது.

"ஒம் புருசன் தான் வாங்குனதாச் சொல்றாரு. பொய்யி. நீ சொல்லு."

ஓவியா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "நான்தாம்மா எல்லாத்துக்கும். பெங்களூர்ல நான் பீர் குடிப்பேன். எப்பவாச்சும். அங்கனயே காய்ச்சிக் குடுக்குற கடை இருக்கு. அப்பா வந்திருந்தப்போ ஆபீஸ்காரங்க விருந்துக்குக் கூட்டிட்டுப் போனேன். மறந்தாப்புல கிளாஸை முன்னால வச்சுட்டேன். அப்பா பாத்துட்டாக."

"ஏசலையா?"

"இல்ல. 'என்னத்தா இது, மோரு மாதிரி கலங்கலா இருக்கு'ன்னாக. கோதுமைல காய்ச்சுறதும்மா அது. மூக்குகிட்ட கொண்டுபோயி மோந்து பாத்துட்டு, 'இதுல வாழைப்பழம் போட்டுருக்கானுக'ன்னாக. காய்ச்சுறவரு வந்து, பழமே போடலை, ஈஸ்ட்டுல இருந்து வர்ற வாசம் சார்னு சொல்றாரு. அப்பா ஒத்துக்கவே இல்ல. 'கம்பத்துல பழமண்டி வச்சிருக்கவன்கிட்டயே கதை விடுறியா'ன்னு, திராட்சைக்குச் சக்கரை பாக்குற குழாயைப் பையில இருந்து எடுத்து, அதுல ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்குறாக. கடையே சுத்தி நின்னு பாத்துச்சு."

பவானியின் உதடு கோணியது. சிரிப்பென்று தெரிந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அந்தக் குழாயைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே சுற்றுகிற மனிதர்தானே.

"குடிச்சாகளா?"

"ஒரே ஒரு வாய். 'நல்லாத்தான் இருக்கு'ன்னாக."

கல்யாணமான நாளிலிருந்து அவர் முதன்முதலாக ருசித்த ஒன்றைத் தனக்குச் சொல்லாமல் மகளிடம் சொல்லியிருக்கிறார். குடித்ததைவிட அதுதான் பவானிக்கு உள்ளே போய்த் தைத்தது.

"இது?" என்று டப்பாவைக் காட்டினாள்.

"அவுகளே போன் பண்ணுனாக. மாப்பிள்ளைகூடப் பேசுறதா ஒங்கிட்ட சொல்லிட்டு என்கிட்டதான் பேசுவாக. விஸ்கி வாங்கணும், மொத பாட்டிலு, எது வாங்கன்னு. புகை வாசம் அடிக்கிறது வேணாம்ப்பா, மொதத் தடவைக்கு ஆஸ்பத்திரிக்குள்ள நொழஞ்ச மாதிரி இருக்கும், பழவாசம், தேன்வாசம் வர்றதாப் பாருங்கன்னேன். குமுளி கடைக்குள்ள நின்னுக்கிட்டு வீடியோல ஒண்ணொண்ணாக் காட்டுறாக. பின்னால நிக்கிறவன்லாம் கத்துறான். திராட்சை ரசம் ஊறுன மரப் பீப்பாயில அப்புறமா இதைப் போட்டு வைப்பாங்கப்பான்னு ஒண்ணைச் சொன்னேன். 'அப்ப இதுதான், இது நம்ம சரக்கு'ன்னுட்டாக."

"எதுக்கு வாங்குனாக? தெனம் குடிக்கவா?"

"இல்லம்மா. 'ஒரு வாய் பீரு ஒங்கம்மாகிட்ட சொல்லாம தொண்டைலயே நிக்குது. இதை அவ முன்னால வச்சு, எல்லாத்தையும் சொல்லிட்டு, அவ சரின்னாத்தான் தொறப்பேன்'னாக. திருவிழா முடியட்டும்னு இருந்தாக."

பவானி பாட்டிலை உருவி வெளிச்சத்தில் பிடித்தாள். "தொறந்திருக்கு."

ஓவியா பார்த்தாள். இரண்டு விரற்கடை. அது அவளுக்கும் தெரியாத சேதி. கை நீட்டி, குறைந்த இடத்தில் விரலை வைத்து அளந்து பார்த்தாள்.

"எப்பம்மா குடிச்சாக? நேத்தா? அம்மா, நேத்தா? நான்தானே சொல்லிக் குடுத்தேன்... நான்தானே..."

நேற்று மடியில் தாங்கிய தலை பவானியின் நினைவில் கனத்தது. வாயிலிருந்து வந்த ஏலக்காய் வாசமும், அதற்கு அடியில் இன்னொன்று இருந்ததா இல்லையா என்று இனி ஒருநாளும் தெளியப்போகாத அந்தக் கேள்வியும்.

"நேத்து ஒண்ணும் குடிக்கலை" என்றாள். "நான்தானே தண்ணி குடுத்தேன். பக்கத்துல மொகத்தை வச்சுக்கிட்டுத்தான இருந்தேன். ஒரு வாசமும் இல்ல."

"நெசமாவா?"

"எம் மூக்கு ஏமாறுமா? எங்கப்பன் தெருமுனைல வர்றப்பவே சொல்லிருவேன். அது என்னைக்கோ ருசி பாத்தது. நீ எந்திரி. மூஞ்சியக் கழுவு."

ஓவியா அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். பவானி அவள் தலையைத் தடவிக்கொண்டே சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதைத் தூக்கிப் போட்டுறவாம்மா?"

"எதுக்கு? அவுக வச்ச எடத்துலயே இருக்கட்டும்."

வெளியே கொட்டுச் சத்தம் எழுந்தது. பவானி பட்டு வேட்டியை எடுத்து மகள் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். வேல்பாண்டியும் பங்காளிகளும் சட்டையைக் கழற்றிவிட்டு, பித்தளைக் குடங்களோடு கிளம்பத் தயாராக நின்றார்கள். செல்வமணி பந்தலின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

"மாப்பிள்ளை."

அவன் திரும்பினான்.

"சட்டையைக் கழட்டிட்டுக் கெளம்புங்க."

"அத்தை, நீங்க..."

"இப்பச் சொல்றேன்ல." கிட்டே போய்க் குரலைத் தாழ்த்தினாள். "பொய் சொன்னா ஒழுங்காச் சொல்லத் தெரியணும் மாப்பிள்ளை. பெங்களூருக்காரன் மலையாளத்துலயா சீட்டு ஒட்டுறான்?"

செல்வமணி கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தான். பங்காளிகளில் மூத்தவர் ஒருவர் செருமினார்.

"இல்லத்தா பவானி, அவுக சபையில ஒண்ணும் சொல்ல மாட்டாகளா..."

"அவுக சபையை அவுக அம்மா பாத்துக்கிருவாக சித்தப்பா. எங்க வீட்டுக்கு ஒத்த மருமகன். வேல்பாண்டி, ஒரு குடம் குடு."

சாராள் பெண்களுக்கு நடுவிலிருந்து எழுந்துவந்து, மகன் கழற்றிய சட்டையைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

தெருக்கோடித் தொட்டிக்குப் போன கூட்டம் கொட்டோடு திரும்பி வந்தது. நான்கு பேர் நான்கு மூலையில் பிடித்த வெள்ளைத் துணியின் கீழே குடக்காரர்கள் நடந்து வந்தார்கள். மற்றவர்களைவிடச் செல்வமணி நல்ல உயரம். துணி அவன் தலையில் முட்டி, அந்த இடத்தில் மட்டும் கூடாரம்போல் எழும்பி நின்றது. குடம் தூக்கிப் பழக்கம் இல்லாதவன், பச்சைப்பிள்ளையை ஏந்துவதுபோல் இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தான். முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து, தளும்புகிற தண்ணீரையே பார்த்தபடி ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தான். அவன் மார்பெல்லாம் நனைந்திருந்தது.

பவானி நிலைவாசலின் இரண்டு கதவையும் நன்றாகத் திறந்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி நின்றாள்.