கணுக்காலைப் பிடித்த பாசி

அறுபத்தாறாம் வருஷம் அனுப்பர்பாளையம் போகும் வழியில் இருந்த சுப்பண்ணனின் சாயப்பட்டறையில் நான் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. சாயம் ஏறுவதற்காக நாங்கள் கொட்டிய உப்பெல்லாம் ஊறி ஊறிக் கிணற்றுக்கே வந்துவிட்டது. காக்கை ஒரு வாய் குடித்தால், எங்களை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் பறக்கும்.

ஞானாம்பாளுக்கு அந்த உப்புதான் பிடித்துப் போயிற்று. அனுப்பர்பாளையத்துப் பாத்திரக்காரர் வீட்டுப் பெண். மண்டபம் கடற்கரையில் கடற்பாசி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். பாசியிலிருந்து எடுக்கும் பசை, துணியில் அச்சுப்போடும் சாயத்தைக் கெட்டியாக்குமாம். கடல் இல்லாத ஊரில் அதை வளர்த்துக் காட்டப் பத்து வருஷம் பாடுபட்டிருந்தாள். விட்ட இடத்திலெல்லாம் செத்தது. எங்கள் கிணற்றில் மட்டும் பிழைத்தது.

பிழைத்தது என்று சொன்னால் போதாது. நாங்கள் நீலம் காய்ச்சினால் அது நீலமாயிற்று; சிவப்பு காய்ச்சினால் சிவந்தது. அமாவாசைக்குக் கிணற்றுத் தண்ணீர் கடல் மாதிரி ஒரு முழம் ஏறி இறங்கியது. மோட்டார் குழாயைப் பாசி அடைக்கும்வரை நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

"வெள்ளியங்கிரி, எறங்கி அறுத்துட்டு வா. துணி பாதிச் சாயத்துல நிக்குது" என்றார் சுப்பண்ணன்.

"பாத்து அறுங்கண்ணா" என்றாள் ஞானாம்பாள். "அதுக்கு வேர் இல்லீங்க. அடியில கை மாதிரி ஒண்ணு இருக்கும், அதுலதான் புடிச்சுக்கும்."

கை என்று அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இடுப்பில் கயிறு கட்டி இறங்கினேன். மார்பளவுத் தண்ணீரில் அரிவாளை வைத்ததும் கணுக்காலை ஏதோ தொட்டது. பிறகு பிடித்தது. பிறகு மெதுவாகக் கீழே இழுத்தது. குழாயைவிட என் கால் அதற்குத் தோதாக இருந்தது போலிருக்கிறது. அரிவாள் நழுவி முழுகிப் போயிற்று.

"இழுங்க மொதலாளி!"

மேலே சுப்பண்ணன் இழுத்தார், கீழே பாசி இழுத்தது. நடுவில் நான் நீண்டேன். அதற்குமுன் என் வேட்டி கணுக்காலைத் தொடும். அதற்கப்புறம் தொட்டதே இல்லை.

"அண்ணா, வழுவழுப்பா இருக்குதுங்களா, சொரசொரப்பாங்களா?"

"அம்மிணி, கழுத்துக்குத் தண்ணி வந்துருச்சு!"

"நெறம் என்னங்க?"

"எல்லாமே கருப்பாத்தான் தெரியுது!"

சுப்பண்ணன் கத்தினார்: "மயில்துத்தம் கொட்டுனா பாசி செத்துரும்னு நீதான அம்மிணி சொன்னே? ஒரு சட்டி கெடக்குது, கொட்டு!"

"கொட்டுனா எல்லாமே செத்துருமுங்க."

மேலே வட்டமாகத் தெரிந்த வானத்தில் அவள் தலை அசையவில்லை.

"பத்து வருசமுங்க" என்றாள்.

"எனக்கு நாப்பது வருசமுங்க அம்மிணி" என்றேன். அதற்குமேல் பேச வாயில் தண்ணீர்.

தலை மறைந்தது. போய்விட்டாள் என்று நினைத்தேன். அப்புறம் என்னைச் சுற்றி நீலம் இறங்கியது. அவளேதான் கொட்டினாள். பாசி இலை இலையாக வெளுத்து, தண்டு ஒடிந்தது. நான் கயிற்றோடு மேலே போனேன்.

தரையில் கிடந்த என் காலருகே அவள் குந்தினாள்.

"உசுரு இருக்குதுங்க!"

"இருக்குதுங்க அம்மிணி, நல்லாத்தான் இருக்கேன்."

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கணுக்காலில் அந்தக் கை மட்டும், மேலே இரண்டு இலையோடு, பிடித்தபடியே இருந்தது. பிய்த்தால் செத்துவிடுமாம். பித்தளைப் பாத்திரமும் ஆகாதாம், மயில்துத்தத்தில் இருக்கிற மாதிரி அதிலும் செம்பு இருக்கிறதாம். ஊரெல்லாம் பித்தளை செய்கிற அனுப்பர்பாளையத்தில் ஒரு மண்பானைக்கு அலைந்தோம். அதில் உப்பைக் கரைத்து, என் காலை உள்ளே விட்டு, ரயிலேற்றி மண்டபத்துக்குக் கூட்டிப் போனாள். வழியெல்லாம் நான் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. பானைக்குள் அது அவ்வப்போது பிடியை மாற்றிக்கொண்டது.

கடலில் முழங்கால் ஆழத்தில் என்னை நிறுத்தினாள். அலை வந்து தொட்டதும் அது விரல் விரலாக எடுத்தது. கல்லொன்றைப் பற்றிக்கொண்டு இலைகளை ஆட்டியது. ஞானாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

கடலடி முழுக்க அதன் சொந்தபந்தம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கரையைப் பார்த்துத் திரும்பினேன்.

"அண்ணா, போயராதீங்க" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்க. வேற ஏதாச்சும் புடிக்குதான்னு பாத்துரலாம்."