கருகாத பிளேட்டுகள்

மெக்கானிக் போல்ட்டுக்கு வண்டியிடம் இருக்கிற பொறுமையில் பத்தில் ஒரு பங்கு மனிதர்களிடம் இருந்திருந்தால் இந்தக் கதையே பிறந்திருக்காது. எஞ்சின் முனகினால் காதைக் கொடுத்து அரை மணி நேரம் கேட்பான். "நோய் தெரியாம நட்டைத் தொடாதே" என்று ஊருக்கெல்லாம் உபதேசம் வேறு. மனிதன் முனகினால் மட்டும் கேட்க மாட்டான், கை முந்திக்கொள்ளும். அவன் முடுக்கிய போல்ட்டை வேறு யாராலும் கழற்ற முடியாது என்பதால் வந்த பட்டப்பெயர் அது. அடி வாங்கியவர்கள் வேறு விளக்கம் சொல்வார்கள்.

போன வருடம் பட்டறைப் பெயின்ட்டருக்கு ஒரு பல் போனது. பிரித்து வைத்த கியர்பாக்ஸ் பக்கத்தில் அந்த ஆள் துணியால் கையைத் துடைத்தான், அவ்வளவுதான் குற்றம். துணியிலிருந்து ஒரு நூல் உள்ளே போனாலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் படுத்துவிடும் என்பது உண்மைதான். அதற்காகப் பல்லையா உடைப்பார்கள்? அன்று போல்ட்டின் மனைவி சத்தம் போடவில்லை. சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துவிட்டு, "இன்னொரு தடவை யார் மேலயாவது கை வச்சீங்கன்னா அன்னிக்கே கிளம்பிடுவேன், சொல்லிட்டேன்" என்றாள். அவள் தலைமேல் சத்தியம் செய்தான். "கியர்பாக்ஸ் அருகே துணி கூடாது" என்று சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் தானே எழுதியும் வைத்தான். சத்தியம் பதினோரு மாதம் தாங்கியது.

அன்று காலை பத்து மணிக்கு, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் பழைய கார் இழுவை வண்டியின் முதுகில் வந்து இறங்கியது. இரண்டு வாரத்துக்கு முன்தான் அதன் கியர்பாக்ஸைப் போல்ட்டும் அவன் மச்சானும் பிரித்து மாட்டிக் கொடுத்திருந்தார்கள். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். ஐம்பதைத் தொட்டவர், எறும்புக்கும் வழிவிட்டு நடக்கிற ஆள். டீச்சரின் நெற்றியில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது.

"பாலத்துல ஏறும்போது எஞ்சின் கத்துது தம்பி, வண்டி ஏறல. அப்படியே பின்னால உருண்டு லாரியில இடிச்சுது. லாரிக்காரன் பிரேக் மிதிச்சதாலதான் நான் இங்க நின்னு பேசறேன்." நாலு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு நடந்தே போனார்.

போல்ட்டின் முகம் கறுத்தது. கியர்பாக்ஸுக்குள் வட்டத் தகடுகள் இருக்கும், பிளேட் என்பார்கள். அவை ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்தால்தான் எஞ்சின் பலம் சக்கரத்துக்குப் போகும். புது பிளேட்டை எண்ணெயில் ஊறப்போடாமல் மாட்டினால் நாலு நாளில் கருகி வழுக்கும். ஊறப்போடும் வேலை மச்சானுடையது.

"பிளேட்டை ஊறப்போட்டீங்களா மச்சான்?"

"போட்டேன் மாப்பிள்ளை. ராத்திரி முழுக்க ஊறிச்சு."

"ஊறினது எப்படி வழுக்கும்?"

மச்சான் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். போல்ட்டின் தோளில் கிடந்த நீலத் துண்டைப் பார்த்தார், கையிலிருந்த டாமி ராட் என்கிற இரும்புக் கம்பியைப் பார்த்தார், திறந்த வாயை மூடிக்கொண்டார். அந்த மௌனம்தான் போல்ட்டுக்குத் தலைக்கேறியது.

"ஒரு வயசான பொம்பளையக் கொல்லப் பாத்தியேடா."

மூத்தவரை 'டா' போட்ட வாய் மூடும் முன்னே இரும்பு இறங்கிவிட்டது. மச்சான் முகத்தை மறைக்க வலது கையைத் தூக்கினார். மணிக்கட்டு காய்ந்த குச்சி மாதிரி ஒடிந்த சத்தம் பட்டறை முழுக்கக் கேட்டது. இரண்டாவது அடி தோளில். அவர் டயர் அடுக்கில் சரிந்து, டயர்களோடு தரையில் உருண்டார். கண்மண் தெரியாமல் மூன்றாவது அடிக்கு ஓங்கியபோது, பாகங்கள் வைக்கும் அறையிலிருந்து ஓடி வந்த மனைவி நடுவில் விழுந்தாள். இரும்பு அவள் காதுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

அவள் அழவில்லை. அண்ணனின் தொங்கிய கையை ஒரு அட்டையில் வைத்துக் கட்டினாள். தெருவில் ஆட்டோவை நிறுத்தினாள். ஏறும்முன் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணன் என்ன தப்பு பண்ணாருன்னு நான் வர்றதுக்குள்ள கண்டுபிடிச்சு வைங்க. என் கண்ணுல காட்டுங்க. அப்புறம் நான் இருக்கறதா போறதான்னு பாக்கலாம்."

போல்ட்டு வேலையில் இறங்கினான். எஞ்சினைச் சூடாக்கி எண்ணெய்க் குச்சியை உருவினான். எண்ணெய் சரியான அளவில் சிவப்பாகப் பளபளத்தது. முகர்ந்தான். கருகல் வாடை இல்லை. இன்னொரு தடவை முகர்ந்தான். எஞ்சின் ஆறியதும், அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜை மாட்டித் திரும்ப ஓட்டினான். குளிர்ந்திருந்தபோது அசையாமல் நின்ற முள், சூடேற ஏற நடுங்கிக்கொண்டே இறங்கியது. எண்ணெய்க்கு அழுத்தம் இல்லை. அதனால்தான் பிளேட் இறுகவில்லை. அழுத்தம் குறையப் பல காரணம் இருக்கலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

எண்ணெய் தேங்கும் அடித்தட்டைக் கழற்றும்போது, பிளேட் கருகியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். தான் பழுதுபார்த்த கியர்பாக்ஸ் பாழாய்ப் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட மெக்கானிக் உலகத்திலேயே இவன் ஒருவனாகத்தான் இருப்பான். தட்டு சுத்தமாக இருந்தது. கரித்தூள் ஒரு சிட்டிகைகூட இல்லை. பிளேட்டுகள் ஊறித்தான் இருந்தன.

"கருகித் தொலைஞ்சிருக்கக் கூடாதா" என்று வாய்விட்டே சொன்னான்.

மிச்சம் இருந்தது வால்வுப் பெட்டி. எண்ணெய் எங்கே, எவ்வளவு அழுத்தத்தில் போக வேண்டும் என்று பிரித்தனுப்புவது அது. அதை அவன் வேறு யாரையும் தொட விட்டதில்லை. ஒவ்வொரு வால்வாகச் சாய்த்துப் பார்த்தான். எல்லாம் தன் எடையிலேயே வழுக்கி வந்தன. அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற வால்வு மட்டும் பாதியில் நின்றது. பிளாஸ்டிக் குச்சியால் தள்ளினான். வால்வோடு ஒட்டிக்கொண்டு அரை விரல் நீளத்துக்கு ஒரு நூல் வந்தது. நீல நூல்.

இரண்டு வாரத்துக்கு முன் பெட்டியை மாட்டிய அன்றைக்குக் கரன்ட் போயிருந்தது. ஊதிச் சுத்தம் செய்யக் காற்றில்லை. டீச்சர் வண்டி கேட்டு இரண்டு தடவை போன் செய்துவிட்டார். ஒரே ஒரு வால்வை, ஒரே ஒரு தடவை, தோளில் கிடந்த துண்டின் முனையால் துடைத்தான். சுவரில் சிவப்பு எழுத்து அவன் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

நூலைச் சட்டைப் பையில் போட்டான். பழைய இரும்பு போடும் பீப்பாயைக் கிளறி, என்றைக்கோ வேறு வண்டியில் கழற்றிப்போட்ட கருகிய பிளேட் ஒன்றை எடுத்தான். தூசி தட்டி மேஜை மேல், வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி வைத்தான்.

பிறகு வால்வைத் தேய்த்து, காற்றால் ஊதி, பெட்டியை மாட்டி, எண்ணெய் ஊற்றினான். கேஜ் முள் அசையாமல் நின்றது. அதே பாலத்தில் மூன்று தடவை ஏறி இறங்கிப் பார்த்தான்.

நாலு மணிக்கு டீச்சர் வந்தார். பின்னாலேயே ஆட்டோவில் மனைவியும், முழங்கை வரை மாவுக்கட்டோடு மச்சானும் வந்து இறங்கினார்கள்.

"என்ன தம்பி கோளாறு?" என்றார் டீச்சர்.

மனைவியின் கண் நேராக மேஜை மேலிருந்த பிளேட்டுக்குப் போனது. போல்ட்டு வாயைத் திறக்க வேண்டியதே இல்லை, சும்மா நின்றால் போதும். அவன் மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களைப் பார்த்தான். ஐந்தும் வீங்கிக் கன்றிப்போயிருந்தன. இருபது வருடமாக அவனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த விரல்கள்.

பையில் கைவிட்டு நூலை எடுத்து உள்ளங்கையில் காட்டினான். "என் துண்டு. நான்தான் துடைச்சேன். மச்சான் மேல தப்பு இல்ல."

"தெரியும் மாப்பிள்ளை," என்றார் மச்சான். "நீங்க துடைச்சப்போ பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"அப்ப காலையில ஏன் சொல்லல?"

"சொல்லாததால கையோட போச்சு. சொல்லியிருந்தா தலையில விழுந்திருக்கும்."

டீச்சர் நெற்றிப் பஞ்சைத் தொட்டுக்கொண்டு போல்ட்டைப் பார்த்தார். பார்த்தும் சொல்லாத மச்சானை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனைவி மேஜைக்குப் போய் அந்தப் பிளேட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பதினைந்து வருடம் பாகங்கள் எடுத்துக் கொடுத்தவள். அது வேறு வண்டிப் பிளேட் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

"அப்ப இது யாருக்காக எடுத்து வச்சீங்க?"

அவள் பிளேட்டை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"டீச்சர், போற வழியில எங்க ரெண்டு பேரையும் அம்மா வீட்டுல இறக்கி விடறீங்களா?"

மச்சான் இடது கையால் கதவைத் திறக்கத் தடுமாறினார். போல்ட்டு ஓரடி முன்னால் வைத்தான். மச்சான் சட்டென்று மாவுக்கட்டை முகத்துக்கு மேல் தூக்கினார். போல்ட்டு நின்ற இடத்திலேயே நின்றான்.

கார் கிளம்பியது. தெருக்கோடி மேட்டில் அது ஏறும்போது பழக்கதோஷத்தில் காதைக் கொடுத்துக் கேட்டான். இரண்டாவது கியர் சரியான இடத்தில் விழுந்தது, மூன்றாவதும் விழுந்தது. வண்டி ஒரு இடத்திலும் வழுக்கவில்லை.