நிலுவையில் உள்ளது

அப்பாவின் தாடையைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அடுக்களையிலிருந்து அண்ணனின் குரல் அவள் காதில் விழுந்தது. யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"வியாழக்கிழமை வாய்தாவுக்கு இனிமே யாரும் வரமாட்டோம் மேடம். விடிகாலையில தவறிட்டார்."

அவள் விரல்கள் முடிச்சிலேயே நின்றுவிட்டன. வாய்தாவா? அப்பா எப்போது கோர்ட் படியேறினார்? பெற்றவர் உடம்பு ஆறுவதற்குள் குசுகுசுவென்று பேசுகிற அளவுக்கு அப்படி என்ன வழக்கு? வேறென்ன, வீடுதான். போன தடவை வந்தபோதே பத்திரம் எங்கே என்று கேட்டாள், மென்று முழுங்கினான். திருட்டு முழி எங்கே போகும்!

அவளை ஏமாற்ற முடியுமா? வீட்டுக்கடன் கொடுக்கும் அலுவலகத்தில் வேலை. கடன் கேட்டு வருகிறவர் பெயரில் வழக்கு ஏதும் இருக்கிறதா என்று நீதிமன்ற இணையதளத்தில் தேடிச் சொல்வதுதான் அவள் பிழைப்பே. போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள்.

அலுவலகத்தில் தினமும் செய்கிறபடியே சிவில் கோர்ட்டைத் தேர்ந்தெடுத்து, அப்பாவின் பெயரை அடித்தாள். ஆள்தானா என்று சோதிக்கத் திரையில் கோணல்மாணலாக நெளிந்த எழுத்துகளைப் பார்த்துத் திருப்பி அடித்தாள். அப்பாவின் பெயர் கொண்ட ஒருவர் கடையைக் காலிசெய்ய மறுத்திருந்தார். இன்னொருவர் அடுத்த வீட்டுச் சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் அப்பா இல்லை. வேறு வருடங்களிலும் பார்த்தாள். ஒன்றுமில்லை. சந்தேகம் தீரவில்லை, முற்றியது. பலே ஆள், எங்கே கொண்டுபோய் ஒளித்தானோ!

அண்ணனைப் படிக்கட்டுக்கே இழுத்து வந்தாள்.

"வீட்டுக்காக அப்பா மேல கேஸ் போட்டிருக்கே, அதானே?"

"என்ன உளர்றே?"

"என் காதாலே கேட்டேன். சிவில் கோர்ட்டுல இல்ல. வேற எங்க போட்டே?"

அவன் கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"சிவில்ல தேடினா எப்படிடி கிடைக்கும்? குடும்ப நீதிமன்றத்துல பாரு. பாத்துட்டு அப்புறம் என்னத் திட்டு."

அந்தப் பக்கம் அவள் ஒருநாளும் போனதில்லை. வேலைக்கு அது தேவைப்பட்டதுமில்லை. போனாள். மனுதாரர் இடத்தில் அம்மாவின் பெயர். எதிர்மனுதாரர், அப்பா. வகை, விவாகரத்து. நிலுவையில் உள்ளது.

"ஒரே வீட்டுல இருந்துகிட்டா?"

"ஒரே பஸ்லதான் கோர்ட்டுக்குப் போவாங்க. வேற வேற சீட்டுல. உனக்குத் தெரியக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. நீ அப்பா செல்லமாச்சே."

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

கூடத்தில் அம்மா அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுத தடம் இல்லை. காலையில் அதை அதிர்ச்சி என்று மகள் நினைத்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அம்மா அவள் முகத்தையும் கையிலிருந்த போனையும் பார்த்தாள்.

"பாத்துட்டியா?"

"ம்."

"வியாழக்கிழமை தீர்ப்புன்னாங்க." அம்மா அப்பாவின் கால்மேல் விலகியிருந்த வேட்டியை இழுத்துவிட்டாள். "இப்ப அதுல என்னன்னு போடுவாங்க? நான் ஜெயிச்சேன்னா, தோத்தேன்னா?"

தொழில் தெரிந்தவள். பொய் சொல்ல வரவில்லை.

"ரெண்டும் இல்லம்மா. முடிஞ்சதுன்னு மட்டும் போடுவாங்க."

"அவ்வளவுதானா?"

ஏன்மா என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அடுத்த வீட்டு அக்கா வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு ஜோடியைப் பார்க்க முடியுமா என்று விம்மினாள். அம்மா அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

வாசலில் அமரர் ஊர்தி வந்து நின்றது. டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கையெழுத்து வாங்க ஒரு படிவத்தோடு உள்ளே வந்தான்.

"இவர் சம்சாரம் யாருங்க?"

அண்ணன் அவளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

அம்மா கையூன்றி எழுந்து, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"நான்தான்," என்றாள்.