நிலைப்படிக்கு இந்தப் பக்கம்

அக்கா சீனித்தாயின் தலை மறுபடியும் முன்னால் சரிந்தது. பால்துரை அதைத் தன் தோளுக்கு இழுத்துச் சாய்த்து, முந்தானையால் கன்னத்தை மூடினான். குதிரை வண்டி கல்லில் ஏறி இறங்கும்போதெல்லாம் சீனித்தாயின் வலது கால் மட்டும் எழும்பித் தாழ்ந்தது. தையல் மிஷினை மிதிப்பது போலவே இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஞானபாக்கியம் அந்தக் காலைத் தன் முழங்கால்களுக்கு நடுவே அணைத்து நிறுத்தினாள். அவளும் அக்கா வேலை பார்க்கும் தையல் கொட்டகையில், பக்கத்து மிஷினில், பட்டாளத்துக்குக் காக்கிச் சட்டை தைக்கிறவள்.

"அண்ணாச்சி, ரெண்டு பேருன்னு சொல்லித்தான் கூப்பிட்டீரு. இப்பம் மூணால்லா இருக்கு," என்றான் வண்டிக்கார அம்புரோஸ், திரும்பாமலே. "சீக்காளிக்கும் சேத்துத்தான் கூலி பேசணும்."

"வீட்டுக்கிட்ட, மேலூர்ல போயிப் பேசிக்கிடலாம். ஓட்டும்."

"அங்கன போனா இறக்கிப் பேசுவீரு. உம்ம வாய் எனக்குத் தெரியாதா?"

தூத்துக்குடியில் அந்த வாய் தெரியாதவர்கள் குறைவு. பஞ்சுத் தரகர்களின் நடுவே வளர்ந்த வாய். யுத்தம் வந்து முதலாளிக்குச் சட்டை காண்ட்ராக்ட் கிடைத்தபோது, பாதித் தெருப் பெண்களைக் கொட்டகைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அதுதான். நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை என்று சொல்லியே குறைந்த கூலிக்குச் சம்மதிக்க வைத்தான். நிழல் என்னவோ உண்மை, தகரக் கூரை நிழல். அதற்குப் பரிசாக முதலாளி கொடுத்த உத்தியோகம் வாசற்கதவு. பெண்கள் உள்ளே போனதும் வெளியே பூட்டுவான். மத்தியானம் ஒரு தரம் திறப்பான். தண்ணீருக்கு, ஒதுங்க என்று அடிக்கடி எழுந்துபோனால் சட்டை எப்படிக் கப்பலேறும்? சாவி இப்போதும் அவன் மடியில் குத்திக்கொண்டிருந்தது.

அக்காவைப் பார்த்ததும் முதலாளி அதிகம் பேசவில்லை. "சாயங்காலம் மிலிட்டரி ஆபீசர் வாரார். ஒங்க அக்கா வீட்டுல செத்ததா இருக்கட்டும். நாளையிலேருந்து நீ மேஸ்திரி. இல்லேன்னா போலீசு, விசாரணை, கொட்டகைக்கு சீல். ஒங்க தெருவுல ஒரு வீட்டுலயும் உலை ஏறாது. யோசிச்சிக்கோ."

பால்துரை யோசிக்கவில்லை, வண்டி பிடிக்க ஓடினான். யோசனையெல்லாம் இப்போதுதான் வந்தது. வெளியே செத்த உடம்பை அவர்கள் தெருவில் எவரும் நிலைப்படி தாண்டி உள்ளே விடுவதில்லை. தெருவில்தான் கிடத்துவார்கள். அப்படிக் கிடத்திவிட்டால் எங்கே செத்தாள், எப்படிச் செத்தாள் என்று கேட்க ஊரே கூடிவிடும். உயிர் இருக்கிறது என்று சொல்லித்தான் உள்ளே தூக்கிப்போக வேண்டும். அதை அம்மா நம்ப வேண்டும். அம்மாவிடம் மட்டும் அவன் வாய் இதுவரை ஒரு வியாபாரமும் முடித்ததில்லை.

தெருமுனையில் நயினார் அண்ணாச்சி தன் சோடாக் கடையைவிட்டு இறங்கி வண்டியை மறித்தார்.

"ஏலே பால்தொரை, யாரது, சீனித்தாயா? என்னல ஆச்சு?"

"மயக்கம் அண்ணாச்சி. வெக்கை தாங்கல."

"மயக்கத்துக்கு இஞ்சி சோடால்லா கொடுக்கணும்." அவர் கோலியை அழுத்தினார், நுரை பொங்கியது. பாட்டிலை வண்டிக்குள் நீட்டினார். "ரெண்டு மடக்குக் குடிளா."

பால்துரை அதை வாங்கி, அக்காவுக்குப் புகட்டுவது போல முதுகால் மறைத்துக் குனிந்து, தானே குடித்தான். இஞ்சிக் காரம் மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் முட்டியது. காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தான்.

"பாத்தியா, மடமடன்னு இறங்கிட்டு," என்றார் நயினார் பெருமையாக. "காசு பெறகு வாங்கிக்கிடுதேன்."

ஞானபாக்கியம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டிக் கட்டையைப் பிடித்திருந்த அவள் கைமுட்டிகள் தோலுரிந்து ரத்தம் கட்டியிருந்தன. அவற்றைப் பார்க்காமலிருக்க அவன் வழியெல்லாம் பாடுபட்டுக்கொண்டிருந்தான். கொட்டகைக்குள்ளிருந்து கதவு தட்டுகிற சத்தம் அவனுக்குக் கேட்கத்தான் செய்தது. தினமும் தட்டுவார்கள். வெற்றிலைக் கடைக்காரனிடம் ஒரு கதை பாதியில் நின்றது, முடித்துவிட்டுத்தான் எழுந்தான். நல்ல கதை. கடைக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். திறந்தபோது அக்கா மிஷின்மேல் கவிழ்ந்து கிடந்தாள்.

வண்டி நின்றதும் அம்மா இசக்கியம்மாள் வாசலுக்கு வந்தாள்.

"யம்மா, அக்காவுக்கு மயக்கம். பாய விரி."

அவள் பாயை விரிக்கப் போகவில்லை. வண்டியருகே வந்து மகளின் கையைப் பிடித்தாள். விட்டாள். கை விழுந்த விதத்தைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். பிறகு ஞானபாக்கியத்தின் கைமுட்டிகளைப் பார்த்தாள். அங்கேதான் அதிக நேரம் பார்த்தாள்.

பால்துரை, விழுந்த கையை எடுத்து அக்காவின் மடியில் வைத்தான்.

அம்மா திரும்பிப்போய் நிலையில் கைவைத்து நின்றுகொண்டாள். வீடுகளிலிருந்து பெண்கள் இறங்கி வந்தார்கள். "என்ன மைனி, உயிரு இருக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நல்லாக் கேட்ட போ," என்றார் பின்னாலேயே வந்துவிட்ட நயினார். "இப்பம்தான் என் கடைச் சோடாவ முழுசாக் குடிச்சா. உயிரு இல்லாமலா குடிப்பா?"

இசக்கியம்மாள் நிலையிலிருந்து கையை எடுத்தாள்.

"உள்ள கொண்டாங்க."

கிடத்தியதும், பிள்ளைகளுக்குப் பால் புகட்டும் சங்கை மாடத்திலிருந்து எடுத்தாள். வாசலில் நின்றவர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, மகளின் வாயில் சாய்த்தாள். பால் கடைவாய் வழியாகக் கழுத்துக்கு ஓடியது. உள்ளங்கையால் துடைத்தாள்.

"இறங்கிட்டு," என்றாள், வாசலுக்குக் கேட்க.

இன்னொரு தரம் ஊற்றினாள். துடைத்தாள். "இதுவும் இறங்கிட்டு." பிறகு விரல்களால் மகளின் இமைகளை மெல்ல நீவிவிட்டாள். "போயிட்டா."

வெளியே அழுகை எழுந்தது. அந்தச் சத்தத்துக்குள் அவள் தணிந்து பேசினாள். "உள்ள வந்தாச்சு. இனி எவனும் எம்பிள்ளயத் தூக்கித் தெருவுல போட மாட்டான். மத்தவளுக எங்கல?"

பால்துரையின் கை மடியிலிருந்த சாவிக்குப் போனது.

"கொட்டகைக்குள்ளதான் அத்தை," என்றாள் ஞானபாக்கியம். "பூட்டிட்டுத்தான் வந்தாரு."

அம்மா கையை நீட்டினாள்.

"யம்மா, சாயங்காலம் ஆபீசர் வாரார். மொதலாளி..."

"மொதலாளி கேட்டது கெடச்சிட்டு. வீட்டுலதான செத்தா." அவள் அவன் மடியில் கைவிட்டுச் சாவியை உருவி ஞானபாக்கியத்திடம் கொடுத்தாள். "போயித் தொறந்து விடு. எல்லாரையும் இங்க வரச் சொல்லு. கூட உக்காந்து தைச்சவளுக வந்து அழ வேண்டாமா?"

தோலுரிந்த கைக்குள் சாவி மூடிக்கொண்டது. அவள் போனாள்.

அம்மா சங்கை நிறைத்து அவனிடம் நீட்டினாள். "கூடப் பொறந்தவன். நீயும் ஒரு வாய் ஊத்து."

அவன் மண்டியிட்டு ஊற்றினான். வாசலில் குதிரைக் குளம்பு திரும்புகிற சத்தம் கேட்டது. "ஏறும்மா," என்றான் அம்புரோஸ். "கூலியெல்லாம் கெடக்கட்டும்."

பால் அக்காவின் உதட்டு விளிம்புவரை நிறைந்து நின்றது. பால்துரை, அது இறங்கும் என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.