குளத்துக்குள் ஒரு சாட்சி

எழுபத்தெட்டில் மெட்ராஸில் மூன்று நாள் மனித உரிமை பற்றிப் பேசியும் ஒன்றும் நகரவில்லை. நாலாம் நாள், மனசு இளகட்டும் என்று ராணுவ ஆட்சி நடக்கும் ஒரு நாட்டின் மந்திரியைச் சின்ன காஞ்சிபுரத்துக் கோயிலுக்குக் கூட்டிவந்தார் ஐரோப்பியத் தூதர். இங்கேயும் அதே பேச்சு. கூடவே நடந்த வழிகாட்டி தேசிகாமணிக்குக் காது புளித்தது.

"எங்கள் சட்டத்தில் எல்லா உரிமையும் இருக்கிறது. பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்றார் மந்திரி.

பேச்சை மாற்ற தேசிகாமணி குளத்தைக் காட்டினான். "இந்தத் தண்ணிக்குள்ள அத்திமரத்துப் பெருமாள் படுத்துக்கினு இருக்கார். நாப்பது வருஷத்துக்கு ஒருமுறைதான் வெளியே வருவார்" என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னான்.

மந்திரி துள்ளினார். "பார்த்தீர்களா தூதரே! இவர்கள் கடவுளையே இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். எங்கள் சட்டமும் அப்படித்தான்!"

தேசிகாமணிக்குச் சுருக்கென்றது. இந்த ஆளுக்குச் சாட்சி சொல்லவா பெருமாள் தண்ணியில கிடக்கிறார்?

"சார், எங்க பெருமாள் அடுத்த வருஷம் வர்றார். ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. உங்களுது எந்த வருஷம் வருது?"

மந்திரி குனிந்து அவசரமாகச் செருப்பைத் தேடினார். அதைக் கோபுர வாசலிலேயே கழற்றி விட்டிருந்தார்.